பழைய வேக்போர்டு போட்டுக்கு தண்ணி வெயிட்டு: ஓட்டை போடறதுக்கு முன்னாடி

எங்க வொர்க்ஷாப்புல வேலை பழகுற தம்பி ஒருத்தன், 17 வயசு, போன மாசம் கேட்டான்: "அண்ணே, தண்ணி உள்ள வந்தா போட் முழுகிடும்னுதானே பில்ஜ் பம்பு வச்சிருக்கோம், அப்புறம் எதுக்கு நாமளே காசு குடுத்து இன்னொரு பம்பு வாங்கி தண்ணிய உள்ள ஏத்துறோம்?" நல்ல கேள்வி. இதுக்கு நின்னு நிதானமா பதில் சொன்னாலே பேலஸ்ட், அதாவது போட் ஆழமா உக்காரட்டும்னு உள்ள ஏத்துற வெயிட்டு, அந்த சமாச்சாரத்துல பாதி புரிஞ்சிடும். அவனுக்கு சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்.

நாங்க இருக்கறது மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். சுத்தி ரப்பரும் செம்பனையும், வொர்க்ஷாப்புக்கு வர்றதெல்லாம் தோட்டத்து டிராக்டர், லோரி, மருந்தடிக்கிற பம்பு. அதுங்களுக்கு நடுவுல டிரெய்லர் மேல ஒரு போட் நிக்கும். என் அத்தை மகன் வாங்குனது, 1990கள்ல அமெரிக்காவுல செஞ்ச ஸ்கீ போட், அதாவது கால்ல ஸ்கீ பலகை மாட்டுனவங்கள தண்ணி மேல கயித்துல இழுக்கற போட், 20 அடி, எஞ்சின் நட்ட நடுவுல உக்காந்திருக்கும். ஈப்போ தாண்டி கிந்தா பள்ளத்தாக்கு பக்கம் ஈயம் தோண்டி முடிச்சு விட்டுட்டுப்போன குட்டைங்க ஏராளம், அதுல நீளமா, ஆழமா, அனுமதி கிடைக்கிற ஒண்ணுலதான் நாங்க எறக்கி வேக்போர்டு ஓட்டுவோம், அதாவது ஒரே பலகையில ரெண்டு காலையும் மாட்டிக்கிட்டு, போட் இழுக்கற கயித்த பிடிச்சுக்கிட்டு போறது. ஈயக் குட்டையில ஒரு விஷயம், கரையில இருந்து நாலு எட்டு வச்சா தரையே இருக்காது, திடீர்னு எறங்கும், அதனால போட்ல ஏறுறவங்க எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும்தான்.

இப்ப கேள்விக்கு வருவோம். மழை பெஞ்ச மறுநாள் தோட்டத்து செம்மண் ரோட்ட பாருங்க. வெறும் லோரி போன தடம் லேசா கோடு மாதிரி கிடக்கும், குலை ஏத்துன லோரி போன தடத்துல முழங்காலு வரைக்கும் பள்ளம், ரெண்டு ஓரத்துலயும் சேறு வரப்பு மாதிரி எழும்பி நிக்கும். லோரி ஒண்ணுதான், சக்கரம் ஒண்ணுதான், வெயிட்டுதான் வேற. தண்ணியிலயும் இதேதான் நடக்குது. போட் ஓடும்போது அடிப்பாகம் தண்ணிய ரெண்டு பக்கமும் ஒதுக்குது, போட் கடந்துபோனதும் ஒதுங்குன தண்ணி அந்தப் பள்ளத்த நிரப்ப ஓடிவருது, ஓடிவந்த வேகத்துல மேல எழும்புது. அந்த எழும்புற அலைக்குப் பேருதான் வேக். வெயிட்டு கூடக்கூட போட் ஆழமா உக்காரும், பள்ளம் பெருசாகும், பின்னால எழும்புற அலையும் பெருசாகும். வேக்போர்டு ஓட்டுற பிள்ளைக்கு அந்த அலைதான் ஏறிக் குதிக்கிற மேடு.

அப்ப பழைய போட்ல மட்டும் ஏன் அலை சின்னதா இருக்கு? வேணும்னேதான் அப்படி செஞ்சாங்க. ஸ்கீ ஓட்டுறவங்க அலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி போகணும், அவங்களுக்கு அலை ஒரு தொந்தரவு, தட்டையா இருந்தாதான் நல்லது. அதனால அடிப்பாகத்த தண்ணிய முடிஞ்சவரைக்கும் கலக்காம வழுக்கிப் போற மாதிரி வடிவமைச்சாங்க. வேக்போர்டு அதுக்கு அப்புறம் வந்த விளையாட்டு. 1985ல அதுக்கு முன்னோடியா டோனி ஃபின்னோட ஸ்கர்ஃபர் பலகை வந்தது, 1990ல ஹெர்ப் ஓ'பிரையனோட ஹைப்பர்லைட் போர்டு வந்தது, அதுக்கப்புறம்தான் பெரிய அலை வேணும்னு ஆசை பரவுச்சு. புது வேக்போர்டு போட்டுங்கள்ல கம்பெனியே தரைக்கு அடியில டேங்க் வச்சு, பட்டன் தட்டுனா தண்ணி ஏறுற மாதிரி குடுத்துடுறாங்க. நம்ம கையில இருக்கறது அதுக்கு எதிரான நோக்கத்துல செஞ்ச படகு. இத மனசுல வச்சுக்கணும், ஏன்னா அந்தப் படகுகிட்ட அது பழகாத ஒரு வேலைய நாம கேக்குறோம்.

சரி, வெயிட்டுன்னா ஏன் தண்ணி? மணல் மூட்டை போடலாம், இரும்பு போடலாம், நாலு பேர கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கலாம், ஆரம்பத்துல நாங்களும் சொந்தக்காரங்கள ஏத்திக்கிட்டுதான் போனோம். ஆனா மணலும் இரும்பும் வீட்ல இருந்து டிரெய்லர் மேலயே வரணும், போகணும். தண்ணி அங்கேயே கிடைக்குது, அங்கேயே விட்டுட்டு வந்துடலாம். 1 லிட்டர் தண்ணி 1 கிலோ, கணக்கும் சுலபம். இதுக்குன்னு விக்கிற தடிமனான பிளாஸ்டிக் பை இருக்கு, ஃபேட் சாக்னு சொல்வாங்க, அமெரிக்க சாமான்ங்கறதால பவுண்டுல போட்டிருக்கும். 400 பவுண்டு பைன்னா சுமார் 180 கிலோ, 750ன்னா 340 கிலோ, 1,100ன்னா 500 கிலோ. 340 கிலோன்னு வாயால சொல்றப்ப பெருசா தெரியாது. 20 கிலோ செம்பனைக் குலைய 17 தடவை தூக்கி போட்டுக்குள்ள போட்டதா நினைச்சுக்குங்க, இல்லன்னா 5 பெரியவங்க கூடுதலா ஏறி ஒரே மூலையில உக்காந்த மாதிரி. நம்ம 20 அடி போட்டே வெறுமனே 1,200 கிலோ சுமார்தான். ரெண்டு பெரிய பை வச்சா போட்டோட வெயிட்டுல பாதிக்கு மேல தண்ணியாவே ஏத்திட்டோம்னு அர்த்தம்.

எங்க வைக்கறதுங்கறது எவ்வளவு வைக்கறதுங்கறத விட முக்கியம்னு நான் சொல்வேன். எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. காண்டா கம்ப தோள்ல போட்டு ரெண்டு முனையிலயும் பால் வாளி மாட்டிக்கிட்டு நிறை எடத்துக்கு நடந்து வருவாங்க. ஒரு வாளியில பால் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் கம்ப தோள்ல ஒரு ரெண்டு விரக்கடை நகத்தி வச்சு சரிபண்ணிக்குவாங்க, சரிபண்ணாம ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாங்க. போட்லயும் அப்படித்தான் பாக்கணும், ஆனா ரெண்டு திசையில. இடது வலது ஒரே அளவு இருக்கணும், டிரைவர் ஒரு பக்கம் உக்காருறாரு, பேட்டரி ஒரு பக்கம் இருக்கு, அதையும் கணக்குல சேத்துதான். முன்னுக்குப் பின்னு வேற கதை. பின்னால வெயிட்டு கூட்டுனா அலை உயரமா, செங்குத்தா எழும்பும். முன்னால கூட்டுனா அலை நீளமா, சாய்வா, ஏறுறதுக்கு இதமா வரும். எல்லாத்தையும் பின்னாலயே வச்சிட்டா போட் மூக்க தூக்கிக்கும், டிரைவருக்கு முன்னால இருக்கற தண்ணியே தெரியாது, அலையோட நுனியும் நொறுங்கி வெள்ளையா நுரை தள்ளும். எல்லாத்தையும் முன்னால வச்சிட்டா வேகம் குறைக்கிறப்ப நம்ம அலையே திரும்பி வந்து மூக்கு வழியா உள்ள எறங்கும். 10 பங்குல 6 பங்கு பின்னால, 4 பங்கு முன்னால, இதுல இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா நகத்திப் பாருங்க. நம்ம மாதிரி நடுவுல எஞ்சின் இருக்கற போட்ல எஞ்சினோட வெயிட்டு ஏற்கனவே நடுவுல இருக்கு, பின்னால சீட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பை, முன்னால உக்காருற எடத்துல ஒண்ணு, இப்படி மூணு பை சரியா வரும். எஞ்சின ஒட்டி மட்டும் வைக்காதீங்க, புகைபோற குழாய் பக்கம் சூடு ஏறுனா பை இளகி ஓட்டையாயிடும்.

அடுத்தது பாதி பை. இத பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். தோட்டத்துல டிராக்டர் பின்னால தண்ணி பவுசர் இழுத்துட்டு மேட்டுல ஏறுற டிரைவர் யாரையாவது கேட்டுப் பாருங்க, நிறைஞ்ச டேங்க விட பாதி டேங்க்தான் பயம்னு சொல்வாரு. நிறைஞ்ச தண்ணி நகர எடமில்லாம கட்டையா கிடக்கும். பாதி தண்ணி, வளைவுல திரும்புனா அதுவும் சாயும், சாயுற பக்கமே இன்னும் சாய்க்கும். பையிலயும் இதே வேலைதான். போன வருஷம் பின் இடது பைய முக்காவாசியில நிறுத்திட்டு ஓட்டுனோம், அலை கொஞ்சம் சின்னதா இருக்கட்டும், ஓட்டுறது சின்னப் புள்ளதானேன்னு. முதல் திருப்பத்துலயே தண்ணி மொத்தமும் ஒரு பக்கமா உருண்டுச்சு, போட் சாஞ்சது, பின்சீட்ல நின்னுக்கிட்டிருந்த என் தங்கச்சி மகன் கால் வழுக்கி எஞ்சின் பெட்டியில நெஞ்சு இடிச்சு விழுந்தான். பெருசா ஒண்ணும் ஆகல, ஆனா அந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அதுல இருந்து எங்க போட்ல ஒரே சட்டம்: பை நிறைஞ்சிருக்கணும், இல்ல காலியா இருக்கணும். வெயிட்டு கம்மி வேணும்னா சின்ன பை வாங்குங்க. நிரப்பும்போது மேல தங்குற காத்தையும் அமுக்கி வெளிய தள்ளிடுங்க, காத்து இருந்தா தண்ணிக்கு ஓட எடம் இருக்குன்னு அர்த்தம்.

எவ்வளவு தாங்கும்னு எப்படி தெரிஞ்சுக்கறது? அமெரிக்க போட்டுங்கள்ல டிரைவர் சீட் பக்கத்துல ஒரு சின்ன தகடு ஒட்டியிருக்கும், எத்தனை பேர், மொத்தம் எத்தனை பவுண்டு ஏத்தலாம்னு. அதுல போட்டிருக்கற வெயிட்டுக்குள்ள தண்ணியும் சேரும், ஆளும் சேரும், ஐஸ் பெட்டியும் சேரும். 3 பை வச்சிட்டு 8 பேர் ஏறுறது கணக்குக்கு ஒத்துவராது, பைய நிரப்புனா ஆள எறக்குங்க. அதோட, தகடு சொல்றது போட் புதுசா இருந்தப்போ உள்ள கணக்கு. 25, 30 வருஷம் ஆன போட்ல தரைக்கு அடியில இருக்கற ஃபோம் தண்ணி குடிச்சு ஊறிக் கிடக்கலாம், அப்படின்னா உங்களுக்கு தெரியாம ஏற்கனவே நூறு கிலோ கணக்குல பேலஸ்ட் இருக்கு, வத்தாத பேலஸ்ட். அடியில நீளவாட்டுல ஓடுற சட்டம், அதுதான் படகோட முதுகெலும்பு, பழைய படகுங்கள்ல நிறைய மரத்துல செஞ்சிருப்பாங்க. எஞ்சின் போல்ட்ட இறுக்கிப் பாருங்க, பிடிக்காம சுத்திக்கிட்டே இருந்தா மரம் மக்கிப்போச்சு. அப்படிப்பட்ட படகுல பைய வைக்கவே வைக்காதீங்க, முதல்ல மரத்த கவனிங்க. பம்பு வாங்குற காசு அங்க போகட்டும்.

நாங்க செஞ்ச ஒரு சின்ன வேலை ரொம்ப உதவுச்சு. வெறும் போட்ட தண்ணியில எறக்கி, பின்பக்கம் ரெண்டு மூலையிலயும் மூக்குலயும் தண்ணி தொடுற எடத்துல சிவப்பு டேப் ஒட்டினோம். ஒரு பை நிறைஞ்சதும் டேப் எவ்வளவு முங்குச்சுன்னு விரல வச்சுப் பாத்து நோட்டுல எழுதினோம், அப்புறம் அடுத்த பை. இடது மூலையில நாலு விரல், வலது மூலையில மூணு விரல்னு வந்தப்பதான் பேட்டரி இடது பக்கம் இருக்கற விஷயமே எங்களுக்கு உறைச்சது. தண்ணி மட்டத்துக்கும் போட்டோட விளிம்புக்கும் நடுவுல மிச்சம் இருக்கற உயரம்தான் உங்க பாதுகாப்பு. பின்பக்கம் அந்த உயரம் ரொம்ப குறைஞ்சு, இன்னொரு போட் எழுப்புற அலை உள்ள எட்டிப் பாக்குற அளவுக்கு வந்துட்டா அதோட நிறுத்திக்குங்க, அலை எவ்வளவு அழகா இருந்தாலும்.

இப்ப பம்பு. புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் ஆரம்பிப்பாங்க, நான் வேணும்னேதான் கடைசிக்கு தள்ளுனேன். என் கருத்து இது: முதல் சீசன் முழுக்க பம்புக்காக படகுல ஒரு ஓட்டை கூட போடாதீங்க. பைய வாங்குங்க, ஒரு கையடக்க 12 வோல்ட் பம்பு வாங்குங்க, ஹோச விளிம்பு மேல தொங்கவிட்டு குட்டையில இருந்து நிரப்புங்க, முடிஞ்சதும் அதே பம்ப பைக்கு மாட்டி வெளிய இறைங்க. நேரம் ஆகும். ஆனா எந்த பை எங்க இருந்தா உங்க படகுக்கு நல்லாருக்குன்னு அந்த சில மாசத்துலதான் தெரியும். ஓட்டை போட்டு பைப்பு இழுத்து கிளிப்பு மாட்டுனதுக்கு அப்புறம் பைய ஒரு அடி முன்னால தள்ளணும்னு தோணுனா எல்லாத்தையும் பிரிக்கணும். ஃபைபர்ல போட்ட ஓட்டைய அடைக்கலாம், ஆனா போடாத மாதிரி ஆக்க முடியாது.

நிரந்தரமா மாட்டுறப்ப ரெண்டு வகை பம்பு இருக்கு. ஒண்ணு ஏரேட்டர் பம்பு. உள்ள விசிறி மாதிரி சுத்தி தண்ணிய தள்ளும், விலை கம்மி, கரண்டும் கொஞ்சமாதான் குடிக்கும், ஆனா தானா உறிஞ்சாது. தண்ணி அதுகிட்ட வந்து நிக்கணும், அதனால தண்ணி மட்டத்துக்கு கீழ, போட்டோட அடிப்பாகத்துலயே உக்காரணும். அது ஒரு பக்கம்தான் தள்ளும், ஏத்துறதுக்கு ஒண்ணு, எறக்குறதுக்கு ஒண்ணுன்னு ஒரு பைக்கு ரெண்டு பம்பு வேணும். இன்னொரு வகை ரெண்டு பக்கமும் சுத்துற ரப்பர் இம்பெல்லர் பம்பு. தானா உறிஞ்சும், சுவிட்ச இப்படி தட்டுனா ஏத்தும், அப்படி தட்டுனா எறக்கும், ஒரு பைக்கு ஒண்ணு போதும். விலை கூட, கரண்டு 15 ஆம்பியருக்கு மேலயே இழுக்கும், தண்ணி இல்லாம வெறுமனே ஓடவிட்டா ரப்பர் இதழ் காஞ்சு தேஞ்சு பிஞ்சுடும். நம்ம ஈயக் குட்டைங்கள்ல அடியில பொடி மணல், அதுவும் அந்த ரப்பர தேய்ச்சு எடுத்துடும், ஃபில்டர் இல்லாம இந்த வகைய மாட்டவே மாட்டாதீங்க. எங்ககிட்ட கேட்டா, குட்டையில ஓட்டுறவங்களுக்கு ஏரேட்டர்தான் தோதுன்னு சொல்வேன், கொஞ்சம் மணல் போனாலும் பொறுத்துக்கும். பெட்டியில மணிக்கு 800 கேலன்னு போட்டிருப்பாங்க, நிமிஷத்துக்கு 50 லிட்டர் வருது, அப்ப 340 லிட்டர் பை 7 நிமிஷத்துல நிறையணும். ஹோஸ் நீளம், வளைவு, மேல ஏத்துற உயரம் எல்லாம் சேந்து எங்களுக்கு 10 நிமிஷத்துக்கு மேல ஆகுது.

பம்ப நிறுத்திட்டா தண்ணி நின்னுடும்னு நினைக்காதீங்க. இதுதான் புதுசா வர்றவங்க யாருக்கும் முன்கூட்டியே தெரியாத விஷயம், எங்களுக்கும் தெரியல. ஏரேட்டர் பம்புல கதவு மாதிரி எதுவும் கிடையாது, ஓடாதப்பவும் தண்ணி அது வழியா தாராளமா போகும் வரும். நாங்க ஹோஸ் தொங்கவிட்டு நிரப்புன காலத்துல ஒருநாள், பை நிறையறதுக்கு கொஞ்சம் முன்னாடி சுவிட்ச அணைச்சிட்டு ஹோச எடுக்காம கரையில தே தாரேக் குடிக்கப் போயிட்டோம். பை கிடக்கிறது போட் தரையில, வெளிய இருக்கற தண்ணி மட்டம் அத விட உயரம், ஹோஸ் முழுக்க ஏற்கனவே தண்ணி. மண்ணெண்ணெய் டின்னுல ரப்பர் டியூப் விட்டு வாயால உறிஞ்சு எடுப்பாங்களே, அதே கதை, தானா ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பையோட மூடி பக்கம் கிளிப்பு லூஸ், நிறைஞ்சதுக்கு மேல வந்ததெல்லாம் போட்டுக்குள்ள. திரும்பி வர்றப்ப போட் ஒரு பக்கமா குந்திக்கிட்டு நிக்குது, தரையில கணுக்கால் அளவு தண்ணி, செருப்பு ஒண்ணு மிதக்குது. கரையோரமா கட்டியிருந்ததால தப்பிச்சோம்.

அதனால நிரந்தரமா மாட்டும்போது ஹோச நேரா பம்புல இருந்து பைக்கு இழுக்காதீங்க. முதல்ல விளிம்பு வரைக்கும் மேல ஏத்தி, தண்ணி மட்டத்துக்கு நல்லா மேல ஒரு வளைவு குடுத்து, அந்த வளைவோட உச்சியில காத்து போறதுக்கு ஒரு வழி வச்சு, அப்புறம் கீழ எறக்கி பையோட மேல்வாயில மாட்டணும். உச்சியில காத்து புகுந்துட்டா உறிஞ்சுறது அறுந்துடும். போட் வேகமா ஓடுறப்பவும் அடியில இருக்கற ஓட்டை வழியா தண்ணி தானா ஏறவோ எறங்கவோ பாக்கும், இந்த வளைவு அதுக்கும் தடை. அதுக்கு மேல பம்புக்கு கீழ ஒரு பால் வால்வு (கைப்பிடிய திருப்பி மூடுற அடைப்பு), நிரப்பி முடிஞ்சதும் கையால அத மூடிடணும். பையில இருந்து வெண்ட்டுன்னு இன்னொரு ஹோஸ் போட்டோட பக்கவாட்டுக்கு போகணும், பை நிறைஞ்சதும் அது வழியா தண்ணி வெளிய பீச்சும், அப்ப தெரிஞ்சுக்கலாம் நிறைஞ்சிடுச்சுன்னு. அந்த வழி இல்லாம பம்ப ஓட விட்டா பை ஊதி சீட் பலகையையே தூக்கிடும், இல்ல தையல் விட்டுடும்.

ஓட்டை போடுற நாள் வந்தா அவசரப்படாதீங்க. உள்ள இருந்து பாத்து சட்டம் எங்க ஓடுது, எஞ்சின்ல இருந்து பின்னால போற தண்டு எங்க இருக்குன்னு குறிச்சுக்குங்க. வெளிய போய் டிரெய்லர்ல போட்ட தாங்குற கட்டை எங்க படுதுன்னு பாருங்க, நிறைய பேர் இத மறந்துடுறாங்க, உள்ள அளந்து ஓட்டை போட்டு, தண்ணி உள்ள வர்ற குழாய் வாய், அதான் பிட்டிங், அத மாட்டி, திரும்ப டிரெய்லர்ல ஏத்துறப்ப மொத்த படகும் அந்த பிட்டிங் மேல உக்காரும். எடம் முடிவானதும் வெளிப்பக்கம் டேப் ஒட்டி, முதல்ல சின்ன டிரில், அப்புறம் ஹோல் சா. மேல இருக்கற பளபளப்பான பூச்சு பேந்துடாம இருக்க, முதல் சுத்த தலைகீழா சுத்தவிட்டு கோடு விழுந்ததுக்கு அப்புறம் நேரா சுத்துங்க. வெட்டுன வாய்ல மரமோ ஃபோமோ தெரிஞ்சா அத எபாக்சி தடவி மூடி, காஞ்சதுக்கு அப்புறம்தான் பிட்டிங். சீலன்ட் சாதாரண பாத்ரூம் சிலிக்கன் ஆகாது, மெரின் சீலன்ட் போடுங்க. 3எம்ல 4200ம் இருக்கு, 5200ம் இருக்கு. 5200 ஒட்டினா ஒட்டினதுதான், பின்னால பிட்டிங் மாத்தணும்னா ஃபைபரையே பேத்து எடுக்கற நிலைமை வரும், அதனால 4200 போதும். முதல் தடவை தண்ணியில எறக்குறப்ப டிரெய்லர்ல இருந்து கழட்டாம கால் மணி நேரம் நிறுத்தி, டார்ச் லைட் அடிச்சு ஒவ்வொரு பிட்டிங்கையும் விரலால தொட்டுப் பாருங்க.

வயரிங்ல ரெண்டே விஷயம். ஃபியூஸ் பேட்டரிக்கு பக்கத்துலயே இருக்கணும், பம்பு பக்கத்துல இல்ல, ஏன்னா நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனா தீ பிடிக்கிறது அந்த நடுவுலதான். ரெண்டாவது, பெட்ரோல் எஞ்சின் போட்ல பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல போகாது, அடியில போய் தங்கும், நீங்க பம்பு மாட்டுறதும் அதே அடியிலதான். தோட்டத்து பம்பு சும்மா கிடக்குதேன்னு எடுத்து மாட்டாதீங்க, தீப்பொறி வெளிய வராத மாதிரி செஞ்ச மெரின் பம்பும் சுவிட்சும்தான் அங்க இருக்கலாம். எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, அடியில தங்குன ஆவிய வெளிய தள்ளுற ப்ளோயர 4, 5 நிமிஷம் ஓடவிட்டு, மூடிய திறந்து மோந்தும் பாத்துடுங்க. எஞ்சின அணைச்சிட்டு மூணு பம்ப ஓடவிட்டா பேட்டரி எறங்கிடும், நடுக்குட்டையில ஸ்டார்ட் ஆகாம நிக்கணும், அதனால பேலஸ்ட்டுக்குன்னு இன்னொரு பேட்டரி வைக்கறது நல்லது.

எஞ்சினுக்கும் சுமை கூடும். போட் எழும்பி ஓடுறதுக்கு நேரம் எடுக்கும், பெட்ரோல் கூட குடிக்கும், பழைய புரொப்பெல்லர் ஸ்கீ வேகத்துக்கு செஞ்சது, பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால போற தூரம்) கம்மியான புரொப்பெல்லர் மாத்துனா இழுவை நல்லா கிடைக்கும். சூடு முள்ள அடிக்கடி பாருங்க. வேகம் மணிக்கு 32ல இருந்து 37 கிலோமீட்டருக்குள்ள வச்சுக்கிட்டா அலை சுத்தமா நிக்கும், அத விட மெதுவா போனா நுரை தள்ளும். கயிறு இல்லாம அலையிலயே நின்னு போற வேக்சர்ஃபும் இந்தப் பையால செய்யலாம்னு பசங்க கேப்பாங்க, புரொப்பெல்லர் படகுக்கு அடியில இருக்கற இன்போர்டுல மட்டும்தான் அது, பின்னால புரொப்பெல்லர் தொங்குற அவுட்போர்டுல பின்னால ஆள் நிக்கவே கூடாது. இன்போர்டா இருந்தாலும் எஞ்சின் ஓடுறப்ப பின்பலகையில யாரையும் உக்கார விடாதீங்க, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கடைசியா, கரைக்கு வர்றப்ப. டிரெய்லர்ல ஏத்துறதுக்கு முன்னாடியே தண்ணி மொத்தமும் எறங்கியிருக்கணும், டிரெய்லர் தாங்குறது வெறும் போட்டுக்குதான். ஒரு குட்டை தண்ணிய பையில வச்சு இன்னொரு ஏரிக்கு கொண்டு போறதும் தப்பு, மீன் முட்டை, நத்தை, பாசி எல்லாம் அதோட போய் அங்க குடியேறும். வீட்டுக்கு வந்ததும் பை வாய திறந்துவிட்டு காயவைக்கணும், பில்ஜ்ல, அதாவது போட்டோட அடித்தட்டுல, மிச்சம் நிக்கிற தண்ணிய துணி வச்சு துடைச்சு எடுக்கணும். ஒரு வாரம் விட்டா அதுல கொசுப்புழு நெளியும், டெங்கி சோதனைக்கு சுகாதாரத் துறை ஆளுங்க டார்ச் லைட்டோட வர்ற ஊர் நம்ம ஊர்.

எங்க போட்ல இப்ப பின்னால ரெண்டு 400 பவுண்டு பைக்கு பம்பு மாட்டியாச்சு. முன்னால இருக்கற பைய இன்னும் ஹோஸ் தொங்கவிட்டுதான் நிரப்புறோம், அது இன்னும் ஒரு அடி பின்னால இருந்தா நல்லதான்னு பாத்துக்கிட்டிருக்கோம். ஹோச யார் எடுக்கணும்ங்கறது மட்டும் முடிவாயிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை அந்த வேலை பழகுற தம்பிய கூட்டிட்டுப் போனோம். ரெண்டு பக்கத்து வெண்ட்டுலயும் தண்ணி பீச்ச ஆரம்பிச்சதும் சுவிட்ச அணைச்சான், குனிஞ்சு ரெண்டு பால் வால்வையும் மூடினான், முன்பையில இருந்த ஹோச எடுத்து மடிச்சு வச்சான், அப்புறம் பின்னால எட்டிப் பாத்து சிவப்பு டேப்புல விரல வச்சு அளந்துட்டு, "ரெண்டு பக்கமும் மூணு விரல்ணே, போலாம்"னான்.